பத்தடி தள்ளி நின்ற நாலுவிரல்

என் வலப்புருவத்தில் முதன்முதலாக நரைத்த மயிரைக் கண்டுபிடித்தவன் நானல்லன்; என் மனைவியும் அல்லள். நாலுவிரல் சார்தான் கண்டுபிடித்தார். மதுரை மாநகரில் மனித முகங்களை அவரளவு கிட்டத்தில் சென்று நோக்கியவர் பல்மருத்துவர்களுள்ளும் இலர் என்று துணிந்து சொல்வேன்.

அவருக்குப் பெற்றோர் இட்ட அழகிய கிறித்தவப் பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது வழங்கியதில்லை. நான் தமிழ் பயிற்றிய மிஷன் கல்லூரியில் அவர் தேர்வு அலுவலக எழுத்தர். யாரிடம் பேசினாலும் தம் மூக்குக்கும் எதிரே நிற்பவர் மூக்குக்கும் நடுவே நான்கு விரல் வைக்குமளவே இடைவெளி விடுவார். கண்பார்வைக் குறை என்று எண்ணிவிடாதீர்கள். பருந்துக்கு நிகரான பார்வை. எட்ட நின்று பேசுவது எதிராளிக்குச் செய்யும் அவமரியாதை என்பது அவருடைய கொள்கை. அவர் முன்னே வர, மாணவர்கள் பின்னே போவார்கள். அலுவலகச் சுவர் வந்து தடுக்கும். அச்சுவரில் பல தலைமுறை மாணவர்களின் தலையெண்ணெய் ஒரே உயரத்தில் நீண்ட கோடாகப் படிந்திருந்தது. இருமுறை வெள்ளையடித்தும் அது மறையவில்லை.

மதிப்பெண் பட்டியல் கேட்டு வந்த ஒரு மாணவனிடம் அவர் பேசியதை நான் காதாரக் கேட்டிருக்கிறேன்.

"சார், மார்க் ஷீட்டு..."

"அது கெடக்கட்டும். ஒனக்கு எடது கண்ணுல ஒரு இமை முடி உள்பக்கமா வளருது. உறுத்துதா?"

"ஆமா சார், ரெண்டு மாசமா உறுத்துது."

"அப்ப மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ. மார்க் எங்கயும் போயிறாது, எப்படியும் கம்மிதான்."

ஓய்வு பெற்றபின் அவர் ஒரு கேமரா வாங்கினார். அதில் பொருத்தியிருந்தது பூச்சிகளைப் பெரிதாகக் காட்டும் குட்டை மேக்ரோ லென்ஸ். நான் அதை வில்லை என்பேன். கடைக்காரர்கள் லென்ஸ் என்பார்கள். வாசகர் தம் விருப்பம்போல் கொள்க. நானும் அவரும் பழங்காநத்தத்தில் ஒரே தெருவாசிகள். சனிக்கிழமைக் காலைகளில் திருமங்கலம் பேருந்து ஏறிச் சென்று, அங்கிருந்து ஒரு கண்மாய்க்கரையில் நடப்போம். நடைக்குக் காரணம் எனக்கு மருத்துவர், அவருக்குச் சிலந்தி.

அவருடைய தொழில்முறை தனித்துவமானது. எந்த உயிரையும் தொடமாட்டார்; நகர்த்தவும் மாட்டார். மண்ணில் குப்புறப் படுத்து, முழங்கையால் ஊர்ந்து, நான்கு விரல் தொலைவுக்கு வந்ததும் மெல்லிய குரலில், "உத்தரவு உண்டா?" என்று கேட்பார். பூச்சி அசையாதிருந்தால் சம்மதம், பறந்துவிட்டால் மறுப்பு. பெரும்பாலும் மறுப்பே கிடைத்தது. கண்மாய்க்கரை முழுவதும் அவரை வேண்டாம் என்று சொன்ன தும்பிகளும் குளவிகளும் நிறைந்திருந்தன.

ஒருநாள் மல்லிகைத் தோட்டத்து வரப்பில் அவர் அவ்வாறு கிடந்தபோது, தோட்டக்காரர் அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏப்பா! யாரோ பெரியவரு மூச்சுப் பேச்சில்லாமக் கெடக்காருப்பா! ஓடியாங்க!"

பிணம் தலையைத் திருப்பாமல் கையை மட்டும் உயர்த்தியது. "உஷ்! சத்தம் போடாதீகண்ணே. கும்பிடுபூச்சி மொகம் கழுவிக்கிட்டு இருக்கு."

தோட்டக்காரர் என்னைப் பார்த்தார். "இவரு யாருங்கய்யா?"

"நண்பர்," என்றேன். அச்சொல்லை அத்துணைத் தயக்கத்தோடு நான் அதற்குமுன் உச்சரித்ததில்லை.

"சற்றுத் தள்ளி நின்றே பெரிதாகக் காட்டும் நீள வில்லை உண்டாமே, அதை வாங்கினால் என்ன?" என்று ஒருமுறை கேட்டேன். "கிட்டப் போகாமப் பாக்குறது என்னய்யா பார்வை? அது வேவு," என்று முடித்துவிட்டார்.

இக்கொள்கை முதல் அடி வாங்கியது அவருடைய மகன் திருமணத்தில். வேறு படக்காரரை அமர்த்தவிடாமல், தாமே எடுப்பதாக ஏற்றுக்கொண்டார். இரு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. முதற்பக்கத்தில் மணமகள் மாலையின் ரோசா இதழ்மேல் ஓர் எறும்பு. அதன் உணர்கொம்பில் ஒட்டியிருந்த மகரந்தத் துகளை எண்ணலாம். அடுத்து, தாலிக்கயிற்றின் முடிச்சு. பின்பு பாட்டுக்குழுவில் யாரோ ஒருவருடைய சட்டைப் பொத்தான். பிரியாணியில் ஒரு கிராம்பு. சம்பந்தியின் மூக்குத் துளை, முழுப் பக்கத்தில். புரட்டிப் புரட்டிப் பார்த்தும் மணமகளின் முகம் எங்கும் இல்லை. மணமகனின் காது மட்டும் ஓரிடத்தில் கிட்டியது.

சம்பந்தி ஆல்பத்தை மூடிவைத்து, "கல்யாணம் நடந்துச்சுங்கிறதுக்கு நாங்க என்னத்தக் காட்டுறது?" என்று கேட்டார். நாலுவிரல் மெதுவாக, "அந்த எறும்பு வேற எந்தக் கல்யாணத்துலயும் இருந்திருக்காது," என்றார்.

ஈராண்டு கழித்து மகள் பெனிட்டாவுக்கு வரன் அமைந்தது. அன்று மாலை அவர்கள் வீட்டில் நானும் காப்பி அருந்திக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இப்பவே சொல்லிப்புடுறேன். என் கல்யாணத்துல நீங்க கேமராவத் தொடக் கூடாது."

"ஏம்மா? அண்ணன் கல்யாணத்துல அந்த எறும்பு எம்புட்டுத் தெளிவா..."

"எறும்புக்கா கல்யாணம்? அண்ணி இன்னைக்கு வரைக்கும் அந்த ஆல்பத்த வெளிய எடுக்கல. நீங்க பாட்டுக்கு எந்திரிச்சு வந்து ஃபாதருக்கும் எனக்கும் நடுவுல மூக்க நீட்டுவீங்க. ஊரே சிரிக்கும். வேணாம்ப்பா."

அவர் கேமராப் பையின் பட்டையை மடித்து மடித்து நீவினார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை பேருந்து நிறுத்தத்துக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் வீட்டுக்கே சென்றேன். அவர் மனைவி, பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே 'டீச்சர்' என்று அஞ்சி அழைப்பது அவரைத்தான். அந்த டீச்சரே வாசலில் குரல் தாழ்த்திப் பேசினார்.

"ஐயா, மனுசன் சரியில்ல. சோத்துக்குள்ள தலைய விட்டுப் பருப்புப் பருப்பாப் பாத்துச் சாப்புடுற ஆளு. இப்ப தட்டு ஒரு மொழம் தள்ளிக் கெடக்கு. என்ன கொழம்புன்னே கேக்கல."

இந்தச் செய்தியைப் பெனிட்டாவும் உள்ளிருந்து கேட்டிருக்க வேண்டும். அன்றிரவே தந்தைக்கு நிபந்தனை ஒன்று எழுதிக் கொடுத்தாள். கேமராவைத் தொடலாம். ஆனால் அவளுக்குப் பத்தடி தள்ளியே நிற்க வேண்டும். ஓர் அங்குலம் குறைந்தாலும் அண்ணன் கேமராவைப் பிடுங்கிக்கொள்வான்.

பத்தடி! அவர் தம் வாழ்நாளில் எதையும் பத்தடித் தொலைவில் வைத்துப் பார்த்ததில்லை. அவருடைய குட்டை வில்லைக்குப் பத்தடியில் மகள் முகம் புளியங்கொட்டை அளவே. தொலைவுக்கென்று தனி வில்லை வாங்கலாம் என்றால், டீச்சர் சட்டம் குறுக்கே நின்றது.

"பீரோவுல ஒங்களுக்கு ஒரு தட்டு. அதுல கேமரா ஒண்ணு, லென்ஸ் ஒண்ணு. ரெண்டாவது லென்ஸ் உள்ள வந்தா மொத லென்ஸ் வெளிய. இல்லாட்டி நீங்க வெளிய."

ஆகவே பூச்சிக்கும் பெனிட்டாவுக்கும் பொதுவாக ஒரே வில்லை வேண்டும். அருகிலுள்ள சிலந்தியின் கண்ணையும் காட்ட வேண்டும். பத்தடிக்கு அப்பாலுள்ள மகளின் முகத்தையும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சிலந்தியை விடவும் அவருக்கு மனமில்லை. மகளை விடவும் மனமில்லை.

தேர்வு காளவாசலில், ரபீக் பாய் என்பவரின் கேமராக் கடையில் தொடங்கியது. துணைக்கு என்னை அழைத்துச் சென்றார். சட்டைப் பையில் ஒரு பொட்டலம், அதில் சீரகம். கடைக் கண்ணாடிமேல் ஒரு சீரகத்தை வைத்துப் பார்ப்பது அருகுத் தேர்வு. கடை வாசல் வழியே, சந்திப்பின் மறுபுறம் நிற்கும் பேருந்தின் பெயர்ப்பலகையைப் பார்ப்பது தொலைவுத் தேர்வு.

ரபீக் பாய் முதலில் ஒரு நீள ஜூம் லென்ஸை எடுத்து வைத்தார். "சாரே, ஒங்களுக்குன்னே செஞ்சது. மேக்ரோவும் இதுதான், எட்டப் பாக்குற டெலியும் இதுதான். இந்தா, எழுதியே இருக்கு பாருங்க. கல்யாணத்துக்கும் ஆச்சு, காட்டுக்கும் ஆச்சு."

நாலுவிரல் சீரகத்தை நோக்கினார். முகம் சுருங்கியது. "பாய், எழுதுனா ஆயிருமா? சீரகத்துல ஒம்போது வரி இருக்கு. இதுல வெறும் கொட்டைதான் தெரியுது."

"சீரகத்துல வரி இருக்கா?" என்று பாய் என்னைக் கேட்டார்.

"ஒன்பது," என்றேன் நான். எத்தனை சனிக்கிழமைகள் உடன் நடந்திருக்கிறேன்!

இரண்டாவது, முன்னங்கை நீளமுள்ள தடித்த மேக்ரோ லென்ஸ். ஒரு முழத் தொலைவிலிருந்தே ஒன்பது வரியையும் காட்டியது. பேருந்துப் பலகையில் திருமங்கலத்தின் கடைசிப் புள்ளிவரை தெரிந்தது. அவர் கண்கள் ஒளிர்ந்தன. ஆனால் மூன்று நிமிடம் தூக்கிப் பிடித்ததும் கை நடுங்கிற்று. "கோயிலுக்குள்ள வெளிச்சம் கம்மி. ஃபாதரு ஃப்ளாஷ் போடக் கூடாதுன்னுட்டாரு. இந்தக் கனத்தோட இருட்டுல புடிச்சா, பெனிட்டாவுக்கு நாலு மூக்கு வரும்," என்று வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

வாரந்தோறும் போனோம். கடையிலிருந்த வில்லைகள் ஒவ்வொன்றும் சீரகத்தையும் பேருந்தையும் மாறி மாறிப் பார்த்தன. நாலுவிரல் வில்லைகளைப் பற்றித் தாம் படித்ததையெல்லாம் பாயின் முகத்துக்கு நான்கு விரலில் நின்று ஒப்பித்தார். பாய் பின்வாங்கிப் பின்வாங்கிக் கல்லாவையே அரையடி நகர்த்திப் போட்டுக்கொண்டார். ஆறாம் வாரம் அவர் பொறுமை இழந்தார்.

"யா அல்லா! சாரே, நீங்க லென்ஸ் வாங்க வாரீங்களா, சம்பந்தம் பேச வாரீங்களா?"

"ரெண்டுந்தான் பாய்," என்றார் நாலுவிரல். அதை அவர் சொன்ன விதத்தைக் கேட்டுப் பாய் கல்லாவை விட்டு எழுந்தார். பிறகு அவருக்கும் எனக்கும் சேர்த்துத் தேநீர் வரவழைத்தார்.

இறுதியில் வென்றது நூறு மில்லிமீட்டர் மேக்ரோ. கைக்கு அடக்கம், இருட்டைச் சமாளிக்கும். ஒரு சாண் தொலைவில் சீரகத்தின் ஒன்பது வரியும் பளிச்சென்று நின்றன. பத்தடியில் நான் நின்றால் இடுப்புக்கு மேலே முழுதாகக் கிடைத்தேன். பேருந்துப் பலகையில் ஊர்ப்பெயர் படிக்க முடிந்தது. புள்ளி மட்டும் தெரியவில்லை.

"புள்ளி தெரியலையே சார்?" என்று நான் நினைவூட்டினேன்.

"பரவால்லய்யா. புள்ளி தெரியலைன்னா ஊரு மாறிறாது. பிள்ள தெரியுதுல்ல?"

பழைய குட்டை வில்லை கல்லூரி விலங்கியல் துறைக்கு நன்கொடையாகச் சென்றது. டீச்சர் சட்டம் மீறப்படவில்லை.

இனிக் கவலையில்லை என்று நினைத்தேன். ஒத்திகையில்தான் உண்மை புலப்பட்டது. எங்கள் தெருவில், பெனிட்டாவின் இடத்தில் என்னை நிறுத்தி, முக்காட்டுக்கு ஒரு வெள்ளைத் துண்டைத் தலையில் போட்டார். நாற்பதாண்டு இலக்கணம் நடத்தியவன் நான்.

"தலைய லேசாச் சாச்சுக்கங்க ஐயா. கொஞ்சம் வெக்கம். இன்னுங் கொஞ்சம்."

அவ்வழியே போன ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். "தமிழய்யாவுக்குக் கல்யாணமா? மாப்ள யாருண்ணே?"

முதற்படம் பத்தடியில் எடுத்தார். அடுத்தது எட்டடி. அதற்கடுத்தது ஐந்து. ஏழாம் படத்தில் அவர் மூச்சுக்காற்று என் முக்காட்டை அசைத்தது. அவர் அறிந்து செய்யவில்லை; கால்கள் தாமாக முன்னே வந்தன. சாக்கட்டியால் கோடு கிழித்தேன். கோட்டைப் பார்த்துக்கொண்டே கடந்தார். செருப்பைக் கழற்றி எல்லைக்கல்லாக வைத்தேன். அதை மிதித்துக்கொண்டு வந்தார். வில்லை தொலைவுக்குப் பழகிவிட்டது, கால்கள் பழகவில்லை.

அவர் தெரு நடுவே நின்றபடி என்னைப் பார்த்தார். முகத்தில் வேர்வை. "ஐயா, அன்னைக்கும் இப்படிப் போயிட்டேன்னா? அந்தப் பிள்ள சபையில தலைகுனிஞ்சு நிக்கும்ய்யா. அதுக்கு நான் கேமராவ இப்பவே குடுத்துரலாம்."

"கொடுக்க வேண்டாம். நான் பிடித்துக்கொள்கிறேன்," என்றேன்.

"கேமராவையா?"

"உங்களை."

திருமண நாளன்று கோயில்பிள்ளை அளவு நாடாவோடு காத்திருந்தார். கோயிலைப் பராமரிக்கும் அவரிடம் நாலுவிரல் முந்தைய நாளே சொல்லி வைத்திருந்தார். பீடத்தின் படியிலிருந்து பக்கச்சுவரை ஒட்டிய தூண்வரை பத்தடி இரண்டங்குலம். அத்தூணருகே நாலுவிரல் கேமராவோடு நின்றார். பின்னே, அவருடைய இடுப்புப் பட்டையை இரு கையாலும் பற்றியபடி நான். பாட்டுக்குழுவினர் பாடுவதை நிறுத்தாமலே எங்களைப் பார்த்தனர்.

திருப்பலி தொடங்கியது. பெனிட்டா வெண்பட்டும் வலைமுக்காடும் சிறு கிரீடமுமாக நின்றாள். மோதிரம் மாற்றும்போது பட்டை ஒருமுறை முன்னே இழுத்தது. நான் பின்னே இழுத்தேன். தாலி கட்டும்போது கன்றுக்குட்டி கயிறிழுப்பதுபோல் இழுத்தது. தூணில் காலூன்றி நின்றேன். அவர் கடக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கு முன்னும் அவர் உதடு அசைவதை மட்டும் கண்டேன். கண்மாய்க்கரையில் கேட்ட அதே கேள்விதான். இங்கே ஒருவரும் பறந்து போகவில்லை.

தாலி ஏறியதும் பெனிட்டா திரும்பினாள். கூட்டத்தில் யாரையோ தேடினாள். தேடி, எங்கள் தூணில் வந்து கண் நின்றது.

"ஐயா, என்னையத்தான் பாக்குறா," என்று அவர் வில்லையிலிருந்து கண்ணெடுக்காமல் கிசுகிசுத்தார். "கோட்டத் தாண்டிட்டேனா?"

"இல்லை சார்."

"கண்ணு கலங்கியிருக்குய்யா. நல்லாத் தெரியுது. நான் என்னமோ தப்புப் பண்ணிட்டேன்." ஓரடி பின்னே வைத்தார், என் கால்மேல் ஏறினார்.

பெனிட்டா கையை அசைத்தாள். அவர் இன்னும் ஓரடி பின்வாங்கினார். அவள் மீண்டும் அசைத்தாள். வாழ்நாளெல்லாம் பிறரைச் சுவரோடு சாய்த்தவர், இப்போது பின்வாங்கிப் பின்வாங்கி என்னைச் சுவரோடு நசுக்கிக்கொண்டிருந்தார்.

வில்லையில் அவர் பார்த்தது கலங்கிய முகத்தை மட்டுமே; அழைக்கும் கையை எனக்கு வெறுங்கண் காட்டியது. "சார், அவள் கோபப்படவில்லை. கூப்பிடுகிறாள். போங்கள்."

"பத்தடிய்யா..."

"பத்தடி போட்டவளே கூப்பிடுகிறாள்!" என்று பட்டையை விட்டேன்.

அவர் கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். மாலைக்கும் பூவுக்கும் நடுவே நடந்தார். மகளுக்கு இரண்டடி முன்பு, வாழ்வில் முதன்முறையாகத் தாமாகவே நின்றார். மீதி இரண்டடியை அவள் நடந்தாள்.

"இம்புட்டுத் தள்ளியா போயி நிப்பீங்க? ஒங்களத் தேடித் தேடிக் கழுத்தே வலிச்சுப் போச்சுப்பா."

அவர் நான்கு விரலுக்கு வந்து அவள் காதோரம் நோக்கினார். "கிரீடத்து ஊசி ஒண்ணு தோலுல குத்திக்கிட்டு இருக்கேம்மா. காலையிலேர்ந்தா? சொல்லவே இல்லியே." அங்கிருந்த அத்தனை பெண்களும் காணாத ஊசியை, நடுங்காத விரலால் உருவியெடுத்தார். பெனிட்டா அழுதுகொண்டே சிரித்தாள். ஃபாதர் அடுத்த செபத்தைத் தொடங்காமல் காத்திருந்தார்.

என் கழுத்தில் கேமரா தொங்கியது. ஏதோ செய்தாக வேண்டும் என்று தோன்ற, பொத்தானை அழுத்தினேன். முதலில் பாதி அழுத்தி நிறுத்தி, படம் தெளிந்த பிறகே முழுதும் அழுத்த வேண்டும் என்பதை அன்று அறியேன்.

ஆல்பம் அருமையாக வந்தது. எல்லாருக்கும் முகம் இருந்தது. சம்பந்தி வீட்டார் கேட்டுக் கேட்டுப் பிரதி வாங்கிப் போனார்கள். ஆனால் நாலுவிரல் வீட்டுக் கூடத்தில் பெரிதாக்கிச் சட்டமிட்டு மாட்டியது அவர் எடுத்த படங்களுள் ஒன்றையன்று; நான் எடுத்ததை. அதில் வெள்ளையாக ஒரு மூட்டம், அதை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் இன்னொரு மூட்டம். எது தந்தை, எது மகள் என்பதை உயரம் கொண்டே ஊகிக்க வேண்டும்.

"சார், இதைக் கழற்றிவிடுங்கள். மானம் போகிறது," என்றேன்.

"இருக்கட்டும்ய்யா," என்றார் அவர். "எங்க வீட்டுல ரெண்டு கல்யாணம் நடந்துருச்சு. நான் இருக்குற படம் இது ஒண்ணுதான்."

நான் இப்போது அந்தத் தெருவில் இல்லை. என்றாலும் சனிக்கிழமைதோறும் திருமங்கலம் பேருந்தில் சந்திக்கிறோம். எழுபத்து மூன்று வயதில் அவரிடம் படமெடுக்கக் கற்றுக்கொண்டு வருகிறேன். பூச்சிகள்மேல் எனக்கு நாட்டமில்லை; நான் எடுப்பது அவரை மட்டுமே. பொத்தானை அழுத்தும் நேரத்தில், பிடிக்கும் முறையைத் திருத்துவதற்காக அவர் நேரே வில்லைக்குள் நடந்து வந்துவிடுகிறார். படமெல்லாம் கலங்கிப் போகிறது. ஒன்றைக்கூட நான் அழித்ததில்லை.